நாய்க்கடியும் மாணவர் கடமையும்

கல்லூரியிற் பயில்வார் ஆண்டுதோறும் கற்கும் பொருள்கள் பலவாம். கணிதமும், சரித்திரமும், பௌதிகமும், இலக்கியமும் முறையே கற்றுத் தேர்வெழுதி வெளியேறுகின்றனர். தேர்வு முடிந்த பின்னர் அவற்றுள் எத்துணை நெஞ்சில் நிலைபெறும் என்பதை அவரவர் உள்ளமே அறியும். ஆயின், எந்தத் தேர்விலும் வினவப்படாததும், வாழ்நாளில் என்றோ ஒரு நாள் திடீரெனத் தேவைப்படுவதும், அந்நாளில் நினைவுக்கு வாராதொழியின் உயிருக்கே இறுதி விளைப்பதுமாகிய சிற்றறிவுகள் சில உள. அவற்றுள் ஒன்றாகிய நாய்க்கடியைப் பற்றிய அறிவை நம் மாணவ நண்பர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'உடல்நலம் பேணுதற்குரிய பொருள்கள் எத்துணையோ இருக்க, நாய்க்கடியைத் தெரிந்தெடுத்தது ஏனோ?' என்று சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு. மலேரியா, டைபாய்டு, காசம் முதலிய நோய்கள் தோன்றிய பின்னரும் அவற்றைத் தீர்க்கும் மருந்துகள் உள. வெறிநாய்க்கடி நோய்க்கோ, அது தோன்றிய பின் தீர்க்கும் மருந்து இன்றளவும் இல்லை. நோய்க்குறி தோன்றிய பின் உயிர் தப்பியவர் உலக முழுதிலும் மிகச் சிலரே. ஆனால் நோய் தோன்றுமுன் அதனைத் தடுக்கும் மருந்து உண்டு. உரிய காலத்தில் உரியவாறு கொள்ளப்படின் அது பொய்ப்பது மிக அரிது. ஆகவே, இந்நோயில் வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே நிற்பது மருத்துவரின் திறமையைக் காட்டிலும், கடியுண்டவர் அன்றைய தினம் செய்யும் செயலே எனல் மிகையாகாது.

ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 59,000 மக்கள் இந்நோயால் மாள்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனத்தார் மதிப்பிட்டுள்ளனர். அவருள் மிகப் பெரும்பாலோர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழ்பவர்; நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்ட சிறுவர். இவ்விறப்புகளுள் ஏறக்குறைய அனைத்தும் தடுத்திருக்கக் கூடியவையே என்பதை எண்ணுந்தோறும் நம் நெஞ்சம் வருந்துகின்றது.

நோயின் இயல்பு

இந்நோய்க்குக் காரணமாவது வைரஸ் என்னும் மிக நுண்ணிய கிருமி. சாதாரண நுண்ணோக்கிக்குப் புலப்படாத இக்கிருமி, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் துப்பாக்கிக் குண்டின் வடிவினதாய்க் காணப்படும். நோயுற்ற விலங்கின் உமிழ்நீரில் இது நிறைந்திருக்கும். கடியின் வழியாகவும், உமிழ்நீர் படிந்த நகத்தின் கீறல் வழியாகவும், முன்னரே உடலிலுள்ள புண்ணை அவ்விலங்கு நக்குதலாலும், கண், வாய் முதலியவற்றின் மெல்லிய சவ்வில் உமிழ்நீர் தெறித்தலாலும் இக்கிருமி நம் உடலினுட் புகுகின்றது. மாந்தர்க்கு நேரும் இந்நோயில் நூற்றுக்கு 99 பங்கு நாய்களாலேயே வருகின்றது. எனினும் பூனை, குரங்கு, நரி, கீரி முதலியவற்றின் கடியையும் அற்பமாகக் கருதலாகாது.

உட்புகுந்த கிருமி, பாம்பின் நஞ்சைப் போலச் சில நாழிகையில் உடலெங்கும் பரவுவதன்று. கடிவாயின் தசையிற் சிறிது காலம் தங்கிப் பெருகிப் பின்னர் அருகிலுள்ள நரம்பைப் பற்றிக்கொண்டு, அந்நரம்பின் வழியே மெல்ல மெல்ல முதுகுத் தண்டை நோக்கியும், அங்கிருந்து மூளையை நோக்கியும் ஏறுகின்றது. மூளையை அடையும் வரை கடியுண்டவர்க்கு யாதொரு துன்பமும் தோன்றுவதில்லை. இவ்விடைக்காலம் பெரும்பாலார்க்கு 2, 3 மாதங்களாம். சிலர்க்கு ஒரு வாரமாகக் குறுகுதலும், சிலர்க்கு ஓராண்டாக நீளுதலும் உண்டு. தலை, முகம், கழுத்து ஆகிய இடங்களிற் பட்ட கடி மூளைக்கு அண்மையிலிருத்தலின் நோய் விரைந்து தோன்றும். நரம்புகள் நெருங்கியிருக்கும் கைவிரல்களிற் பட்ட கடியும் அத்தகையதே.

மூளையைக் கிருமி பற்றிய பின்னர், முதற்கண் காய்ச்சலும் தலைவலியும், ஆறிப்போன கடிவாயில் நமைச்சலும் குறுகுறுப்பும் தோன்றும். அதன்பின் நோயாளி காரணமின்றி அச்சமும் கலக்கமும் எய்துவார். தாகம் வருத்த, நீரைக் கையிலெடுத்த அளவில் தொண்டைத் தசைகள் இறுகித் தாங்கொணா வலியுண்டாம். நாளடைவில் நீரைக் கண்டாலும், அதன் ஒலியைக் கேட்டாலும், மெல்லிய காற்று முகத்திற் பட்டாலும் நடுங்குவார். இதனாலேயே இந்நோய்க்கு ஜலபயம் எனும் பெயர் வழங்கலாயிற்று. வேறு சிலர்க்கு இக்கொந்தளிப்பு யாதுமின்றிக் கைகால்கள் தளர்ந்து வாதமாக முடிதலும் உண்டு. இரண்டின் முடிவும் ஒன்றே.

கடிக்கும் நோய்க்கும் இடையேயுள்ள அக்காலத்தை, நமக்கு அளிக்கப்பட்ட ஒரு தவணை என்றே நாம் கருதுதல் வேண்டும். கிருமி மூளையை அடைவதற்குள் நம் உடல் அதனை எதிர்க்கும் ஆற்றலைப் பெற்றுவிடின் நாம் பிழைத்தோம். தடுப்பு மருந்தின் தத்துவம் முழுதும் இதில் அடங்கியுள்ளது. ஆயின் அத்தவணையே நம்மை ஏமாற்றவும் வல்லது. புண் ஆறிவிடுகின்றது, வலி நீங்கிவிடுகின்றது, ஒரு மாதம் கழிந்தும் ஒன்றும் நேரவில்லையே என்று கடியுண்டவர் மனந்தேறி மறந்துவிடுகின்றார். அவர் மறந்ததை நரம்பினுள் ஏறும் கிருமி மறப்பதில்லை.

மூன்று சிறாரின் வரலாறு

இத்தவணையின் அருமையை விளக்குதற்கு, இம்மருந்து தோன்றிய 1885ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் மூன்று போதியனவாம்.

பிரான்சு தேசத்து அறிஞராகிய லூயி பாஸ்டியர், மருத்துவர் அல்லர்; இரசாயன நூல் வல்லார். இந்நோயின் கிருமியை அவர் கண்ணாற் கண்டவரும் அல்லர். நோயுற்ற முயல்களின் முதுகுத் தண்டை எடுத்து உலர்ந்த காற்றில் உலர்த்துந்தோறும் அதன் நச்சாற்றல் நாளுக்கு நாள் குறைதலைக் கண்டார். மிக உலர்ந்ததில் தொடங்கிப் படிப்படியாக ஆற்றல் மிக்கதை உடலினுட் செலுத்துவதால் நாய்களை இந்நோயினின்றும் காக்கலாம் என்று சோதித்தறிந்தார். ஆயினும், அதனை மனிதரிடத்துப் பயன்படுத்தத் துணிவின்றி இருந்தார்.

அங்ஙனமிருக்கையில், 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், ஆல்சேஸ் நாட்டினின்றும் ஓர் அன்னை தன் மகன் ஜோசப் மைஸ்டர் என்னும் 9 வயதுச் சிறுவனைப் பாரிஸ் நகருக்கு அழைத்து வந்தாள். இரண்டு நாட்களுக்கு முன் வெறிநாயொன்று அவனைப் பலவிடங்களிற் கடித்திருந்தது. தாம் மருத்துவர் அல்லராதலின், மருத்துவர் ஒருவரைக் கொண்டே பாஸ்டியர் அவனுக்கு ஊசி இடுவித்தார். மருந்தின் ஆற்றல் மிகுந்துகொண்டே செல்லச் செல்ல அவர் இரவில் உறக்கமின்றி வருந்தினார் என்பர். சிறுவன் பிழைத்தான். பிற்காலத்தில் அவன் பாஸ்டியரின் ஆராய்ச்சி நிலையத்திலேயே காவற் பணி பூண்டிருந்தான்.

அவ்வாண்டு அக்டோபர் மாதம், ஜூப்பீ என்னும் 15 வயது இடைச் சிறுவன், தன்னினும் இளைய சிறார் சிலரை வெறிநாயொன்று துரத்துவதைக் கண்டு, அவர்களைத் தப்பியோடவிட்டுத் தான் எதிர்சென்று அதனோடு போராடினான். அதன் வாயைக் கட்டி, தன் மரப் பாதரட்சையால் அதனை அடித்துக் கொன்றான். ஆயினும் அவன் கைகள் மிகவும் கடியுண்டன. கடியுண்ட 6 நாட்களுக்குப் பின்னரே அவனுக்கு மருந்து தொடங்கப்பட்டது. அவனும் பிழைத்தான். அவன் நாயோடு போராடும் சிலையொன்றைப் பாரிஸிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் இன்றும் காணலாம்.

அடுத்த மாதம், லூயீஸ் பெல்லெத்தியே என்னும் 10 வயதுச் சிறுமி அவரிடம் கொண்டுவரப்பட்டாள். அவளைத் தலையில் நாய் கடித்து அன்றைக்கு 37 நாட்கள் கடந்துவிட்டன. இனி மருந்து பயன்படுவது அரிது என்பதைப் பாஸ்டியர் நன்குணர்ந்திருந்தார். இக்குழந்தை இறப்பின் தம் புதிய மருந்தையே உலகம் பழிக்கும் என்பதும் அவர் அறியாததன்று. எனினும், மறுத்தற்கு அவர் உள்ளம் இடந்தரவில்லை, மருந்திட்டார். சின்னாளில் நோய் தோன்ற, குழந்தை டிசம்பர் மாதத் தொடக்கத்தில் உயிர் நீத்தது.

ஒரே ஆண்டு, ஒரே மருந்து, ஒரே அறிஞரின் மேற்பார்வை. ஜூப்பீ பிழைக்க, லூயீஸ் மாண்டது எதனால்? கடி தலையிற் பட்டமை ஒரு காரணம். 6 நாட்களுக்கும் 37 நாட்களுக்கும் உள்ள வேறுபாடு மற்றொரு காரணம். கடி எவ்விடத்திற் படும் என்பது நம் கையில் இல்லை. நாட்களோ நம் கையிலுள்ளன.

நம் நாட்டில் இம்மருந்து வந்த வரலாறு

நம் இந்திய நாட்டில் இம்மருந்தளிக்கும் முதல் நிலையம் 1900ஆம் ஆண்டில் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் நிறுவப்பட்டது. அக்காலத்தில் தென்னாட்டிற் கடியுண்டவர், புகைவண்டியேறிப் பல நாட்கள் பயணஞ்செய்து அவ்விடம் சேர வேண்டியிருந்தது. 1902ஆம் ஆண்டில் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்னும் ஆங்கில மாது, தென்னாட்டில் இம்மருந்து கிடையாமையால் இந்நோய்க்கு இரையானார். இத்துயர நிகழ்ச்சியே தென்னாட்டிற்கும் ஒரு நிலையம் வேண்டுமென்ற எண்ணத்தை வலுப்படுத்தியது. அமெரிக்கச் செல்வராகிய ஹென்றி பிப்ஸ் என்பார் இந்தியாவின் நன்மைக்கென வழங்கிய பொருளின் ஒரு பகுதியைக் கொண்டு, 1907ஆம் ஆண்டில் நீலகிரிக் குன்னூரில் பாஸ்டியர் நிலையம் திறக்கப்பட்டது. அது இன்றும் அங்கு நிலவுகின்றது.

1911ஆம் ஆண்டில் டேவிட் செம்பிள் என்னும் மருத்துவர், ஆட்டின் மூளையினின்றும் எடுத்துக் கார்பாலிக் அமிலத்தாற் பக்குவஞ்செய்த ஒரு மருந்தைக் கசௌலியில் உண்டாக்கினார். நம் பெரியோர் அச்சத்தோடு நினைவுகூரும் 'தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி' என்பது இம்மருந்தே. இது எத்துணையோ உயிர்களைக் காத்ததாயினும், மிக்க வலி தருவதாகவும், சிற்சிலர்க்கு வாதநோயை விளைப்பதாகவும் இருந்தமையின், 2005ஆம் ஆண்டளவில் நம் நாட்டில் முற்றிலும் நீக்கப்பட்டது. இப்பொழுது வழங்கும் தடுப்பூசிகள் உயிரணு வளர்ப்பு முறையாற் செய்யப்படுவன, கையில் இடப்படுவன, மற்றை ஊசிகளைக் காட்டிலும் மிகுதியாக நோவு தருவன அல்ல. ஆகவே, வயிற்றில் ஊசி என்னும் பழைய அச்சத்தால் ஒருவர் ஆஸ்பத்திரிக்குச் செல்லத் தயங்குவாராயின், அவர் இன்று இல்லாத ஒன்றுக்கு அஞ்சி, உண்மையிலுள்ள ஆபத்தை நாடுகின்றார் என்க.

கடியுண்டால் செய்யத்தக்கவை

முதலாவது, கழுவுதல். கடியுண்ட அக்கணமே, ஓடும் நீரில், சோப்பிட்டுப் புண்ணை நன்கு கழுவுதல் வேண்டும். ஒரு முறை நீர் ஊற்றித் துடைத்துவிடுதல் போதாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு 15 நிமிஷம் கழுவுதல் வேண்டும். இக்கிருமியின் மேலுறை கொழுப்புப் பொருளாலாயது. சோப்பு அதனைக் கரைத்துக் கிருமியை அழிக்கும். நீர் அதனைப் புண்ணினின்றும் அடித்துச் செல்லும். விலையுயர்ந்த மருந்து யாதும் இதற்கு ஈடாகாது. விடுதிக் குழாயடியிலும், கிராமத்துக் கிணற்றடியிலும் இதனை எவரும் செய்யலாம். கழுவிய பின், பொவிடோன் அயோடின் போன்ற கிருமிநாசினி இருப்பின் அதனைத் தடவலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பிப் பொடி, எண்ணெய், பச்சிலைச் சாறு ஆகியவற்றுள் ஒன்றையும் புண்ணில் இடலாகாது. சூடு வைத்தலும் ஆகாது. இவை புண்ணைக் கிளறிக் கிருமியை உள்ளே செலுத்துமேயன்றி வெளியேற்றா. புண்ணை இறுகக் கட்டுதலும் வேண்டா.

இரண்டாவது, அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல். 'நாளை காலை போவோம்' எனலாகாது. அரசினர் ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தடுப்பூசி இலவசமாகவே இடப்படுகின்றது. மருத்துவர் புண்ணைப் பார்த்து அதனை மூவகையுள் ஒன்றாக வகுப்பர். நாயைத் தொட்டதும், புண்ணற்ற தோலை அது நக்கியதும் முதல் வகை. இதற்குக் கழுவுதல் போதும், ஊசி வேண்டா. இரத்தங் கசியாத சிறு கீறலும் பற்பதிவும் இரண்டாம் வகை. இதற்குத் தடுப்பூசி வேண்டும். தோலை ஊடுருவிய கடியும், இரத்தங் கசியும் கீறலும், புண்ணிலோ வாய், கண்களிலோ உமிழ்நீர் பட்டதும் மூன்றாம் வகை. இதற்குத் தடுப்பூசியோடு, இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தையும் புண்ணிலேயே செலுத்துதல் வேண்டும்.

இவ்விரு மருந்துகளின் வேறுபாட்டை மாணவர் அறிதல் நன்று. தடுப்பூசி, நம் உடல் தானே எதிர்ப்பாற்றலை உண்டாக்கிக்கொள்ளத் தூண்டுவது; அவ்வாற்றல் தோன்ற ஒரு வாரத்திற்கு மேலாகும். இம்யூனோகுளோபுலினோ, முன்னரே ஆக்கப்பட்ட எதிர்ப்பாற்றலைக் கடனாகத் தருவது போன்றது. நம் படை திரளும் வரை கோட்டை வாயிலிற் காவல் நிற்பது. ஆதலின், 'ஊசி போட்டாயிற்று, அது போதும்' என்று எண்ணாது, ஆழ்ந்த கடியாயின் இதனையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். சிறிய நிலையத்தில் இது கிடையாதாயின், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவர். தாமதமின்றிச் செல்லுதல் கடமை.

மூன்றாவது, முறையை முடித்தல். அரசினர் ஆஸ்பத்திரிகளிற் பெரும்பாலும் வழங்கும் முறைப்படி, தோலிடை ஊசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் இடப்படும். முதல் ஊசியிட்ட நாளே 0 எனக் கொள்க. ஜூன் 1ஆம் நாள் முதல் ஊசியாயின், ஏனையவை ஜூன் 4, 8, 29 ஆகிய நாட்களில் வரும். தசையில் இடும் முறையாயின் 0, 3, 7, 14, 28 என ஐந்து. கடைசி ஊசியையும் பெற்ற பின்னரே காவல் முழுமை பெற்றது என்க. முன்னரே இம்முறையை முழுதும் முடித்தவர் மீண்டும் கடியுண்டால், அவர்க்கு இரண்டு ஊசிகளே போதும். ஆனால் அவரும் ஆஸ்பத்திரிக்குச் செல்லாதிருத்தல் ஆகாது.

மாணவர் செய்யும் பிழைகள்

மேற்கூறியவை அனைத்தும் எளியவையே. எனினும் கற்றவரும் இவற்றில் தவறுகின்றனர். அதற்குரிய காரணங்களைச் சிறிது ஆராய்வாம்.

முதற்பிழை, 'நாய்க்குட்டிதானே' என்பது. குட்டியின் பல்லுக்கும் நகத்துக்கும் இந்நோயைத் தரும் ஆற்றல் உண்டு. சிறிய கீறலே பெரிய கடியைக் காட்டிலும் ஒரு வகையிற் கொடிது. ஏனெனில் பெரிய கடி நம்மை ஆஸ்பத்திரிக்கு ஓட்டுகின்றது, சிறிய கீறல் நம்மை உறங்கச் செய்கின்றது.

இரண்டாம் பிழை, 'அது நம் வீட்டு நாய். நாள்தோறும் சோறிட்டு வளர்த்த நாய்' என்பது. நோய்க்கிருமி உரிமையாளர் இவரென்று நோக்குவதில்லை. நாயைப் 10 நாட்கள் கவனித்து, அது நலமாயிருப்பின், கடித்த அன்று அதன் உமிழ்நீரிற் கிருமி இல்லை என்று கொள்வது உண்மையே. ஆனால் அப்பத்து நாட்களையும் ஊசியின்றிக் காத்திருந்து கழித்தல் ஆகாது. ஊசியைத் தொடங்கிவிட்டே நாயைக் கவனித்தல் வேண்டும். பின்னர் எவ்வாறு செய்வதென்பதை மருத்துவரே முடிவு செய்வர்.

மூன்றாம் பிழை, இடையில் நிறுத்திவிடுதல். இரண்டு ஊசிகள் ஆயின, புண்ணும் ஆறியது, தேர்வு நெருங்கியது, அல்லது விடுமுறைக்கு ஊர் செல்ல வேண்டியதாயிற்று. இவ்வாறு மூன்றாவதும் நான்காவதும் மறக்கப்படுகின்றன. எந்த ஊர் அரசினர் ஆஸ்பத்திரியிலும் எஞ்சிய ஊசிகளைப் பெறலாமாதலின், சீட்டை உடன் கொண்டு செல்லுதலே இதற்கு வழி. ஒரு நாள் தவறினும், தவறியது தவறியதுதான் என்று விட்டுவிடாது, மறுநாளே சென்று மருத்துவரைக் கேட்டல் வேண்டும்.

நான்காம் பிழை, பத்தியத்தைப் பற்றிய அச்சம். இவ்வூசியிட்டவர் மீனும் இறைச்சியும் உண்ணலாகாது, தலை முழுகலாகாது என்றெல்லாம் கூறுவர். இவற்றிற்கு ஆதாரம் இல்லை. கருவுற்ற தாய்மார்க்கும், பாலூட்டும் தாய்மார்க்கும், கைக்குழந்தைகட்கும் இவ்வூசி இடலாம். மந்திரித்தலையும், வேர் கட்டுதலையும், நாட்டு மருந்தையும் நம்பிக் காலங் கழித்தலும் இதனோடு சேர்ந்ததே. கடித்த நாய்கள் அனைத்தும் வெறிபிடித்தவை அல்ல. ஆதலின், மருந்தின்றிப் பலர் பிழைத்திருப்பர். அவர் பிழைத்தது நாய்க்கு நோயில்லாமையாலேயன்றி மந்திரத்தால் அன்று.

ஐந்தாம் பிழையே எல்லாவற்றினும் கொடிது, அது மறைத்தல். எடுத்துக்காட்டாக, ஒரு மாணவர் விடுதியின் பின்புறத்துத் தெருநாய்க்கு உணவிடுகின்றார் என்று கொள்வோம். அவ்வாறு உணவிடலாகாதென்பது விடுதியின் கட்டளை. ஒருநாள் அந்நாய் அவர் விரலைக் கவ்விவிடுகின்றது. வெளியிற் கூறினால் தண்டனை வரும் என்றும், தோழர் நகைப்பர் என்றும், பெற்றோர் கலங்குவர் என்றும் எண்ணி, அவர் விரலில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வாளாவிருந்துவிடுகின்றார். இவ்வாறு மறைத்தல் இளைஞர்க்கு இயல்பே. ஆனால் வேறு எந்தக் குற்றத்தை மறைப்பினும் பின்னர்த் திருத்திக்கொள்ளக் காலம் உண்டு, இதற்கு இல்லை.

இவ்விடத்து ஆசிரியர்க்கும் விடுதிக் காப்பாளர்க்கும் நாம் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். கடியுண்டதாக ஒரு மாணவர் வந்து கூறும்பொழுது, 'அங்கே ஏன் சென்றாய்?' என்பது நம் முதல் வினாவாக இருத்தலாகாது, 'கழுவினாயா?' என்பதே முதல் வினாவாதல் வேண்டும். கண்டிக்க வேண்டியதுண்டாயின் கடைசி ஊசி முடிந்தபின் கண்டிக்கலாம். ஒருவர் கடியுண்டு கடியுரை பெற்றதை நூறு மாணவர் காண்பராயின், அடுத்து கடியுண்பவர் வாய் திறவார்.

கடியுண்ணாமற் காத்தல்

வருமுன் காத்தல் சிறந்ததன்றோ? நாய் உண்ணும்பொழுதும், உறங்கும்பொழுதும், குட்டிகளோடு இருக்கும்பொழுதும் அதன் அருகே செல்லலாகாது. துரத்தி வரும் நாயைக் கண்டு ஓடுதல் கூடாது. ஓடுவதைத் துரத்துதல் அதன் இயற்கை. கைகளை உடலோடு ஒட்டி, அதன் கண்ணை உற்றுநோக்காது, அசைவற்று நின்று, அது அமைந்த பின் மெல்லப் பின்வாங்குதல் வேண்டும். கீழே விழ நேரின், உடலைச் சுருட்டிக்கொண்டு, கைகளால் முகத்தையும் கழுத்தையும் காதுகளையும் மறைத்துக்கொள்ளுதல் வேண்டும். இவை மூளைக்கு அண்மையான இடங்கள் என்பதை மேலே கண்டோம். விடுதியின் எச்சில் இலைகளும் மிஞ்சிய சோறும் திறந்த வெளியிற் கொட்டப்படுமாயின் நாய்கள் அங்குக் கூட்டமாகத் திரளும். குப்பையை மூடிவைத்தல் நம் கையிலுள்ள காவலாகும்.

நாய்களை அடித்துத் துன்புறுத்துதலோ கொல்லுதலோ இந்நோயை ஒழிக்கும் வழியன்று. அவற்றிற்கும் நம்மைப் போலவே தடுப்பூசி உண்டு. ஓரிடத்து நாய்களுள் நூற்றுக்கு 70க்குக் குறையாமல் ஆண்டுதோறும் ஊசியிடப்படின், அவ்விடத்து இந்நோய் பரவ வழியின்றி அற்றுப்போகும் என்பர் அறிஞர். ஜப்பான் தேசத்தார் 1950ஆம் ஆண்டில் ஒரு சட்டமியற்றி, வளர்ப்பு நாய்களைப் பதிவு செய்தலையும் அவற்றிற்கு ஊசியிடுதலையும் கட்டாயமாக்கினர், தெருநாய்களையும் கட்டுப்படுத்தினர். 1957ஆம் ஆண்டோடு அந்நாட்டு விலங்குகளில் இந்நோய் ஒழிந்தது. ஏழே ஆண்டுகளில் ஒரு தேசம் செய்தது நமக்கு இயலாததன்று. நாய் வளர்ப்போர் ஒவ்வொருவரும் அதற்கு ஆண்டுதோறும் ஊசியிடுவித்தலை, அதற்கு உணவிடுதல் போன்ற கடமையாகவே கொள்ளுதல் வேண்டும். ஊசியிடாத அன்பு, நாய்க்கும் நன்றன்று, நமக்கும் நன்றன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றை மூன்று சொற்களில் அடக்கிக் கூறலாம்: கழுவுக, செல்க, முடிக்க. 15 நிமிஷம் கழுவுக. அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்க. ஊசி முறையை முழுதும் முடிக்க. இம்மூன்றையும் நினைவிற் கொள்ளுதல் எவர்க்கும் அரிதன்று.

நம் மாணவருட் பலர் கிராமங்களினின்றும் வருபவர். விடுமுறையில் அவர் இல்லஞ் சேரும்பொழுது, அவ்வூரிற் கடியுண்ட குழந்தையொன்றின் புண்ணில் யாரேனும் சுண்ணாம்போ மிளகாய்ப் பொடியோ இடுவதைக் காண நேரிடலாம். அந்நேரத்தில் அங்குள்ளாருள் கற்றவர் அவர் ஒருவரேயாக இருத்தலும் கூடும். முதியோர் கூறுவதை மறுத்தல் மரியாதையன்று என வாளாவிராது, பணிவோடு ஆனால் உறுதியோடு அக்குழந்தையைக் குழாயடிக்கு அழைத்துச் செல்வாராக. பின்னர்த் தாமே உடன் சென்று ஆஸ்பத்திரியிற் சேர்ப்பாராக. அடுத்த ஊசிக்குரிய நாளைச் சுவரில் எழுதிவைத்துப் பெற்றோர்க்கு நினைவூட்டுவாராக. லூயீஸ் என்னும் அச்சிறுமி இழந்த 37 நாட்களை எவரும் மீட்டுத் தர இயலவில்லை. நம் ஊர்க் குழந்தைகள் ஒரு நாளையும் இழவாமற் காத்தல் கற்ற நம் கடமையாம்.